சாட்சியற்ற பேச்சு

1

பார்க்கப்படுவதும் கேட்கப்படுவதும் ஒன்றல்ல. இரண்டையும் கண்காணிப்பு என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிடுவதால் பிரச்னை ஆரம்பத்திலேயே மழுங்கிப்போகிறது. அந்தச் சொல்லில் கண்தான் இருக்கிறது. கண்ணைக் காவலுக்கு வைத்த மொழி காதைக் காவலுக்கு வைக்கவில்லை. காது அதே காரியத்தைச் செய்தால் அதற்கு ஒட்டுக்கேட்பது என்று பெயர், அது வசவு. இந்த வேற்றுமைக்குப் பின்னால் தார்மிகமான காரணம் ஏதாவது இருக்கிறதா, அல்லது வெறும் பழக்கமா என்பதுதான் என் கேள்வி.

கேள்வி எழுந்த இடம் கலிபோர்னியாவில் என் தங்கை நடத்துகிற குழந்தைக் காப்பகம். காப்பகம் என்றவுடன் தனிக் கட்டடம், பெயர்ப் பலகை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவள் குடியிருக்கிற வீட்டின் முன்கூடம்தான். அங்கே டேகேர் என்கிறார்கள். மாநில அரசு இதற்கு உரிமம் தருகிறது. சிறிய வீட்டுக் காப்பகமென்றால் அதிகபட்சம் 8 குழந்தைகள், பெரியதென்றால் 14. விரல்ரேகை எடுத்து, பூர்வோத்தரம் விசாரித்து, வீட்டைச் சோதித்துப் பார்த்துத் தருகிறார்கள். அதே கூடத்தில்தான் மாலை 6 மணிக்குமேல் அவள் குடும்பம் சாப்பிடுகிறது, சண்டை போடுகிறது, ஊருக்குப் போன் பேசுகிறது.

ஒரு குழந்தையின் தாய், நம் ஊர்ப் பெண்தான், கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவள், ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாளாம்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கூடத்துல ஒரு கேமரா வெச்சா ஆபீஸ்ல இருந்தே பார்த்துக்குவேன். இப்பல்லாம் சத்தமும் சேர்ந்தே வருது." தங்கை இரண்டு நாள் யோசித்தாள். பிறகு சொன்னது இவ்வளவுதான்: "பார்த்துக்கோம்மா. கேக்க மட்டும் வேண்டாம்."

காரணம் கேட்டால் அவளால் சொல்ல முடியவில்லை. மறைக்க ஒன்றுமில்லை; குழந்தைகளைக் கடிந்துகூடப் பேசாதவள். "என்னமோ சரியாப் படலை" என்றாள். காரணம் சொல்லத் தெரியாத மறுப்புகளை நாம் மூடத்தனம் என்று தள்ளிவிடுகிறோம். காரணத்தோடு வருகிற மறுப்புகளைவிட இவற்றில்தான் பல சமயம் ஒரு நியாயம் புதைந்து கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதைத் தோண்டிப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

2

தங்கை அறியாமல் செய்த இந்தப் பாகுபாட்டை அமெரிக்கச் சட்டம் வெகுநாளாகச் செய்து வருகிறது. ஒட்டுக்கேட்பது பற்றிய 1968-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் குரலைத்தான் காக்கிறது. சத்தமில்லாத படம் அதற்குள் வராது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1967-இல், கலிபோர்னியா இயற்றிய சட்டம் இன்னும் கறாரானது. அந்தரங்கமான உரையாடலைப் பதிவு செய்ய ஒரு தரப்பின் சம்மதம் போதாது, எல்லாத் தரப்பும் சம்மதிக்க வேண்டும். மீறினால் அபராதம், சிறை.

அதே 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காட்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஸன்ஸெட் பூல்வார்டில் ஒரு பொதுத் தொலைபேசிக் கூண்டு. ஒருவன் அதற்குள் போய் மயாமிக்கும் பாஸ்டனுக்கும் பந்தயச் சூதாட்டத் தகவல் சொல்லி வந்தான். போலீஸ் கூண்டின்மேல் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்திவிட்டது. கூண்டு கண்ணாடியால் ஆனது, உள்ளே நிற்பவனைத் தெருவே பார்க்கிறது, பிறகு எங்கே அந்தரங்கம் என்று அரசுத் தரப்பு வாதித்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கூண்டுக்குள் நுழைந்தவன் விலக்க நினைத்தது பிறர் கண்ணை அல்ல, அழையாமல் வருகிற காதை என்றது. கண்ணாடிச் சுவருக்குள் நின்றுகொண்டும் ஒருவன் தனியாக இருக்க முடியும் என்று ஒப்புக்கொண்ட தீர்ப்பு இது. என் தங்கை கேட்டதும் ஒரு கண்ணாடிக் கூண்டைத்தான்.

ஏன் அப்படி? சட்டம் காரணம் சொல்வதில்லை. எதிர்பார்ப்பு, நியாயமான எதிர்பார்ப்பு என்று சுற்றி வளைக்கிறது. எனக்குத் தோன்றுவது இது. உடம்பின் அசைவு யாரை நோக்கியும் செய்யப்படுவதல்ல. நான் நடக்கிறேன், குனிகிறேன், துணி மடிக்கிறேன். பார்ப்பவர் யாராக இருந்தாலும் அந்தச் செய்கை அதுவாகவே இருக்கும். பேச்சு அப்படியல்ல. பேச்சுக்கு விலாசம் உண்டு. ஒருவருக்கென்று சொல்லப்பட்டது அது. அவருடைய வயது, அவர் முகம், நேற்று அவரோடு நடந்தது எல்லாம் சேர்ந்துதான் அதன் அர்த்தம். இன்னொருவர் கேட்டுவிட்டால், கேட்டது அதே வார்த்தைகள்தான் என்றாலும் அதே பேச்சு அல்ல. ஒருவருக்குப் போட்ட கடிதத்தை இன்னொருவர் பிரிப்பது போல.

சம்மதக் கையெழுத்து வாங்கிவிட்டால் சட்டம் விலகிக்கொள்ளும். ஆனால் சம்மதம் என்பதன் லட்சணம் என்ன? குழந்தை போய்விட்டால் மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு போய்விடுகிற ஒருத்தியின் சம்மதம் அது. குழந்தையின் சம்மதத்தைப் பெற்றவர்கள் கொடுக்கிறார்கள். அது வேறு வழியில்லாத காரியம். கூடத்தில் மற்ற குழந்தைகளும் இருக்கின்றன. ஒரு தாய் தன் மகனைக் கேட்கத் திறந்து வைத்த காதில் மற்றவர்களுடைய பிள்ளைகளின் அழுகையும் உளறலும் விழுகின்றன. அடுக்களையில் தங்கையின் கணவர் தன் வேலை போகப்போகிறதென்று ஊரிலிருக்கும் அண்ணனிடம் சொல்வதும் விழும். சுவருக்குக் காது உண்டு என்பது எச்சரிக்கையாகச் சொல்லிவந்த பழமொழி. இப்போது அது ஒரு வசதியின் வர்ணனை.

3

ஆனால் இதெல்லாம் பெரியவர்களின் அந்தரங்கம். பிரச்னையின் மையம் இதில் இல்லை. காப்பகத்தில் பேச்சின் விலாசம் ஒரு கைக்குழந்தை. கைக்குழந்தைக்குப் பேசப்படுகிற பேச்சு என்ன மாதிரியான பேச்சு?

குழந்தைக்குச் சத்தம் வெளிச்சத்துக்கு முந்தியது. கர்ப்பத்திலேயே கேட்க ஆரம்பித்துவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் தாயின் குரலைக் கேட்பதற்காகச் சப்புகிற விதத்தை மாற்றிக்கொள்கின்றன என்று 1980-இல் அமெரிக்காவில் இருவர் சோதித்துக் காட்டினார்கள். கண் அப்போது ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்கு மேல் தெளிவாகப் பார்ப்பதில்லை. அதற்கு உலகம் என்பது முதலில் ஒரு குரல். அந்தக் குரல் தன்னை நோக்கி வருகிறதா, தன் தலைக்குமேல் வேறெங்கோ போகிறதா என்பது அதற்குத் தெரியும். பொருள் தெரியாத வயதில் தெரிகிற ஒரே பொருள் அது.

பேசுகிறவள் பக்கம் வருவோம். நம் தாலாட்டுகளைச் சேகரித்தவர்கள் எல்லோரும் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. தாலாட்டில் பாதி குழந்தைக்கு; பாதி பாடுகிறவளின் வழக்கு. குழந்தை அழுததற்குக் காரணம் கேட்கிற சாக்கில் உறவுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றுவாள். சீர் கொண்டுவராத அண்ணன், குத்திக்காட்டுகிற மாமியார், திரும்பி வராத புருஷன் எல்லோரும் வருவார்கள். பகலில் யாரிடமும் சொல்ல முடியாததைத் தூளிக்கயிற்றை ஆட்டிக்கொண்டே சொல்லிவிடுவாள். கேட்கிற ஜீவன் யாரிடமும் போய்ச் சொல்லாது. அது தொனியை மட்டும் எடுத்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடும், தூங்கிவிடும். உலகத்தில் ஒருத்திக்குக் கிடைத்த, சாட்சி சொல்லாத ஒரே செவி.

நாம் இதை நாட்டார் இலக்கியம் என்று தொகுத்துப் பல்கலைக்கழக அலமாரியில் வைத்துவிட்டோம். ஆனால் செயல் நின்றுவிடவில்லை. என் தங்கை பால் புட்டியைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதக் குழந்தையிடம் என்னென்னவோ பேசுகிறாள். அம்மா செத்தபோது ஊருக்குப் போக முடியாதது, கால் வலி, இந்த ஊர்க் கத்தரிக்காயில் ருசியில்லாதது. ராகம் இல்லாத தாலாட்டு. குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டு குடிக்கிறது. இருவருக்கும் இதில் லாபம் இருக்கிறது. அவளுக்கு ஒரு செவி. குழந்தைக்கு நடிப்பில்லாத ஒரு குரல்.

ஒலிப்பதிவு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. குழந்தை தொனியை வைத்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடுகிறது. கருவி விஷயத்தை வைத்துக்கொண்டு, அது யாருக்காகச் சொல்லப்பட்டதோ அந்த உறவை விட்டுவிடுகிறது. ஓசை வரும், ஏற்ற இறக்கம்கூட வரும். எதிரே இருந்த முகம் வராது.

பதிவாகிறது என்று தெரிந்துவிட்டால் அவள் என்ன பேசுவாள்? தாய் கேட்க விரும்புவதைப் பேசுவாள். "அடடா, சமத்துப் பிள்ளை, எவ்வளவு அழகா சாப்பிடறான் பாரு!" யார் பார்க்க? வாக்கியத்தின் விலாசம் மாறிவிட்டது. குழந்தையைச் சாக்காக வைத்து, அதன் தலைக்குமேல், ஆபீஸிலிருக்கும் ஒருத்திக்குப் பேசுகிறாள். ஒரு பொய்யும் இல்லை. எல்லாம் அன்பான வார்த்தைகள்தான். ஆனால் நாள் முழுக்கத் தனக்கென்று வராத பேச்சின் நடுவே அந்தக் குழந்தை வளர்கிறது.

விண்ணிகாட் 1958-இல் தனித்திருக்கும் திறன் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தனித்திருக்கும் சக்தி, ஒருவர் அருகிலிருக்கும்போதே தனியாக இருந்து பழகுவதிலிருந்து வருகிறது என்பது அவர் கண்டது. தாய் இருக்கிறாள், ஆனால் குறுக்கிடவில்லை. அந்த நிழலில் குழந்தை தானாக இருக்கக் கற்கிறது. காமிராவும் மைக்கும் தருவது இதற்கு நேர் எதிரிடை. யாரும் அருகில் இல்லை. ஆனால் குறுக்கீடு இருக்கிறது.

4

இவ்வளவு தூரம் எழுதியபின் நிற்க வேண்டியிருக்கிறது. என் வாதம் எனக்குப் பிடித்துப்போகிறது என்பதற்காக ஒரு குழந்தை அடிபடக் கூடாது.

பேசத் தெரியாத உயிர் அது. மாலையில் தாய் வந்து தூக்கும்போது இன்று என்ன நடந்தது என்று சொல்ல அதற்கு வழியில்லை. சாட்சி சொல்லாத செவி என்று நான் கொண்டாடினேனே, அதே மௌனம்தான் கொடுமைக்காரருக்கும் வசதி. உடம்பில் விழுந்த அடி படத்தில் தெரியும், தோலிலும் தெரியும். குரலால் விழுந்த அடி சத்தமில்லாத படத்தில் தெரியாது. ஒருத்தி குனிந்து குழந்தையின் காதருகே ஏதோ சொல்கிறாள்; படத்தில் அது கொஞ்சலாகத்தான் இருக்கும்.

நியூ யார்க்கில் ஒரு வழக்கு. 2016-இல் மாநிலத்தின் உச்சமன்றத்தில் முடிந்தது. தன் மகனுடைய தாயின் தொலைபேசியை ஒரு தகப்பன் அழைக்கிறான். இணைப்பு திறந்துகொள்கிறது, யாரும் பேசவில்லை, ஆனால் அந்த வீட்டில் நடப்பது காதில் விழுகிறது. அங்கிருக்கும் இன்னொரு ஆண் அவனுடைய ஐந்து வயது மகனை அடிக்கப்போவதாக மிரட்டிக்கொண்டிருக்கிறான். தகப்பன் அதைப் பதிவு செய்துவிடுகிறான். அந்த உரையாடலில் அவன் ஒரு தரப்பல்ல, சட்டப்படி ஒட்டுக்கேட்டல். ஆனால் குழந்தையின் சார்பில் பெற்றவன் சம்மதிக்கலாம் என்று நீதிமன்றம் பதிவை ஏற்றுக்கொண்டது. டெக்ஸஸ் மாநிலம் 2015-இல் இன்னும் மேலே போனது: சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளின் வகுப்பில், பெற்றோர் கேட்டால், படமும் ஒலியும் இரண்டையும் பதிவு செய்யும் கருவி வைக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. வாய் திறந்து சொல்ல முடியாத பிள்ளைகளுக்கு வேறு வழி என்ன என்பது அதன் நியாயம். இதற்கு எதிராகத் தாலாட்டைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது.

தாலாட்டு பாடிய வீடுகள் புனிதமான இடங்களும் அல்ல. "பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்", "சூடு போட்டுடுவேன்", "கண்ணைத் தோண்டிடுவேன்" — இவையும் நம் தாய்மொழிதான். கொஞ்சுகிறபோதுகூட "கழுதை", "சனியனே", "அப்படியே கடிச்சுத் தின்னுடுவேன்". கலிபோர்னியாவின் காப்பக விதிகள் குழந்தையை மிரட்டுவதையும் இழிவுபடுத்துவதையும் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. ஓர் அதிகாரியின் மேஜையில் இவை மொழிபெயர்க்கப்பட்டுக் கிடந்தால் வாசிக்க எப்படியிருக்கும்? கொஞ்சலை மிரட்டலாக வாசித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் எல்லாமே கொஞ்சல்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூச்சாண்டிக்குப் பயந்து இருட்டில் வெகுநேரம் விழித்துக் கிடந்த பிள்ளைகள் நம்மில் பலர்.

ஆகவே பதிவே கூடாது என்பது என் நிலையல்ல. ஆனால் நியூ யார்க் வழக்கில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பெற்றவர் சார்பில் சம்மதிக்கும் உரிமையை நீதிமன்றம் சும்மா தந்துவிடவில்லை. குழந்தையின் நலனுக்கு இது அவசியம் என்று அவர் மனசாட்சியோடு நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்குப் புறவயமான ஆதாரமும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அதாவது காரணம் முதலில், பதிவு பிறகு. தகப்பனின் காதில் மிரட்டல் விழுந்தது; அதன்பின் அவன் கை பதிவுப் பொத்தானுக்குப் போனது.

கூடத்து மூலையில் நாள் முழுக்க விழித்திருக்கும் கருவியில் இந்த வரிசை மாறிவிடுகிறது. பதிவு முதலில், காரணம் பின்னால் தேடிக்கொள்ளலாம். பத்து மணி நேரப் பேச்சில் தேடினால் கிடைக்காத காரணம் இல்லை. சந்தேகம் வந்தபின் கேட்பவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது. சந்தேகமே வராமல் கேட்டுக்கொண்டிருப்பவரிடம் கேள்வி எதுவும் இல்லை. கேட்டுக் கேட்டு அவருக்குச் சந்தேகம் உண்டாகிறது. முன்னவர் பேசத் தெரியாத ஒன்றின் சார்பில் பேச வருகிறார். பின்னவர் யார் சார்பிலும் வரவில்லை.

5

பெந்தம் 1791-இல் வெளியிட்ட சிறைச்சாலைத் திட்டத்தை எல்லோருக்கும் தெரியும்: நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள், பார்ப்பவனைக் கைதி பார்க்க முடியாது. ஃபூக்கோ 1975-இல் வெளிவந்த தன் நூலில் இதைப் பெரிதாக விவாதிக்கிறார். அதில் ஓர் அடிக்குறிப்பு மைய வாதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெந்தம் முதலில் காதுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். அறைகளிலிருந்து கோபுரத்துக்குக் குழாய்கள். பிற்சேர்க்கையில் அதைக் கைவிட்டார். ஃபூக்கோவின் ஊகம்: குழாய் வழியே அதிகாரி கைதியைக் கேட்டால், கைதியும் அதிகாரியைக் கேட்டுவிடுவான், ஒருதலைப்பட்சமாக இருக்கச் சத்தம் சம்மதிக்கவில்லை.

கண்ணை ஒருவழிப் பாதையாக்குவது அன்று சுலபமாக இருந்தது. ஒரு திரையும் ஒரு நிழலும் போதும். காது அப்போது நேர்மையாக இருந்தது. கேட்பதென்றால் கேட்கப்படவும் தயாராக இருக்க வேண்டும்.

அந்த நேர்மையை உடைத்தது மின்சாரம். உடைத்த இடமும் குழந்தையின் தொட்டில்தான். 1932-இல் லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டது அமெரிக்கா முழுவதையும் நடுங்கவைத்தது. அந்தப் பயத்தின் விளைவாக ஸெனித் கம்பெனி 1937-இல் ஒரு கருவியைக் கொண்டு வந்தது. தொட்டிலருகே ஒரு மைக், அதற்குக் காவல் காது என்று அர்த்தம் வருகிற பெயர். பெரியவர்கள் இருக்கும் அறையில் ஒலிபெருக்கி, அதற்கு ரேடியோ நர்ஸ் என்று பெயர். ஒலிபெருக்கியை வடிவமைத்தவர் சிற்பி இஸாமு நோகுச்சி. பழுப்பு பேக்கலைட்டில் செய்த ஒரு பெண் தலை. முக்காடு போட்ட நர்ஸ் போலவும் இருக்கிறது, ஜப்பானிய வாள்பயிற்சிக்காரரின் முகமூடி போலவும் இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கம்பித் தடுப்பு. இன்று அது மியூசியப் பொருள். நவீனச் சிற்பத்தின் நல்ல காரியங்களில் ஒன்றென்று நானும் நினைக்கிறேன். முகமில்லாத தாதி என்று அவர் கண்டுகொண்டது வெறும் வடிவ சாமர்த்தியமல்ல. கருவியின் சுபாவமே அதுதான்.

ஆனால் ரேடியோ நர்ஸ் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அழுகை வந்தது, யாரோ எழுந்து போனார்கள், முடிந்தது. கேட்டவர் பக்கத்து அறைக்காரர். எழுந்து போகக் கூடியவர். இன்றைய கருவி எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறது. கேட்பவர் இருபது மைலுக்கு அப்பால் இருக்கிறார். அழுகையைக் கேட்டும் எழுந்துபோக முடியாதவர். யாரெல்லாம் கேட்கிறார்கள் என்பதுகூட நிச்சயமில்லை. வீட்டுக் காமிராக்கள் விற்ற ஒரு கம்பெனியின் பாதுகாப்புக் குறைவால் ஏறக்குறைய 700 காமிராக்களின் நேரடிக் காட்சிகள், தொட்டிலில் தூங்கும் குழந்தைகள் உட்பட, 2012-இல் ஊரார் பார்வைக்குப் போய்விட்டன. மறு வருஷம் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்தக் கம்பெனியின்மேல் நடவடிக்கை எடுத்தது. இன்னும் நல்ல பூட்டு போடுங்கள் என்று பதில் சொல்லலாம். போடட்டும். பூட்டு நல்லதாக இருந்தாலும் நான் பேசுகிற பிரச்னை அப்படியேதான் இருக்கும்.

கலிபோர்னியச் சட்டத்திலேயே வேறொரு விதி இருக்கிறது. யாரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. காப்பகம் நடக்கிற நேரத்தில் குழந்தையைப் பெற்றவர் முன்னறிவிப்பில்லாமல் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம். கதவைத் தட்ட வேண்டும், தான் யாரென்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். தடுப்பது சட்டமீறல்.

இதுவும் கண்காணிப்புதான், கறாரானதும்கூட. ஆனால் இதில் பார்ப்பவரும் பார்க்கப்படுகிறார். வந்தவளின் முகத்தில் சந்தேகம் தெரியும், களைப்பு தெரியும். கேட்டது புரியவில்லையென்றால், "என்னக்கா, அவன்கிட்ட சூடு போடுவேன்னு சொல்றீங்க?" என்று நேரிலேயே கேட்டுவிடலாம், பதிலும் கிடைக்கும், அல்லது பதில் கிடைக்காதது தெரியும். குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும், அல்லது ஓடிவராது. அதைவிடப் பெரிய சாட்சியம் எந்தப் பதிவிலும் இல்லை. பெந்தம் கைவிட்ட குழாயின் நேர்மை இந்தக் கதவில் இருக்கிறது. கேட்க விரும்புகிறவர் கேட்கப்படக்கூடிய தூரத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதைத்தான் என் தங்கை, சொல்லத் தெரியாமல், கேட்டிருக்கிறாள்.

6

இது தூரதேசத்துச் சங்கதியல்ல. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் க்ரீச்சுகள் காமிராவைச் சொல்லித்தான் பிள்ளை பிடிக்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2017-இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளைப் பின்தொடர்வதும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது என்றது. 2025 நவம்பரில் வந்த விதிகள் இதற்கு விலக்கு அளிக்கின்றன. விலக்கு பெற்றவர்களில் குழந்தைக் காப்பகமும் உண்டு, பாதுகாப்பு என்ற காரணத்துக்காக. காரணம் பொய்யல்ல. ஆனால் உரிமையை முதலில் இழப்பவர், இழந்தோம் என்று சொல்லவும் முடியாத வயதில் இருப்பவர் என்பது கவனத்தில் இருக்கட்டும்.

மனிதன் தன் முதல் மூன்று வருஷங்களை மறந்துவிடுகிறான். தன்னைக் குளிப்பாட்டியவர்கள், திட்டியவர்கள், தன்னிடம் அழுதவர்கள் எல்லோரையும் மறந்துவிடுகிறான். யாரும் போடாத ஒரு பொதுமன்னிப்பு இது, இரு தரப்புக்கும். வளர்த்தவர்களின் சிறுமைகளும் ரகசியங்களும் அதில் கரைந்துபோகின்றன. மிச்சமிருப்பது உடம்பில் தங்கிய ஒரு குரலின் இதம் மட்டும், அல்லது அதன் பயம். முதல் வருஷங்கள் முழுவதையும் கோப்பாக வைத்திருக்கும் ஒரு தலைமுறை இனி வரும். அவர்களில் ஒருவன் இருபது வயதில் அதைத் திறந்து, தன்னிடம் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கத் தொடங்கினால், கேட்பதற்கு அவனுக்கு உரிமை இல்லையென்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் அவன் கேட்கப்போவது தன் குழந்தைப் பருவத்தை அல்ல. இன்னொருத்தியின் வாழ்க்கையை.

கதவு போதும் என்று சொன்னேன். அந்தக் கதவைத் தட்ட யாருக்கு நேரமிருக்கிறது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கேமரா கேட்ட அந்தத் தாய் கெட்டவள் அல்ல. சந்தேகப் பிராணியும் அல்ல. அவளுடைய ஆபீஸில் அவள் நாற்காலியை விட்டு எழுந்த நிமிஷங்களை ஒரு மெஷின் எண்ணிக்கொண்டிருக்கிறது. மத்தியானம் ஒரு மணி நேரம் வந்து பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போக அனுமதி கிடைத்திருந்தால் அவள் கேமராவே கேட்டிருக்க மாட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஆதாரமல்ல, பிள்ளை. கேட்டால் தரமாட்டார்கள் என்று தெரிந்ததால் கேட்டால் கிடைக்கக்கூடிய ஒன்றை, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டிய நிலையில் இருந்த ஒருத்தியிடம் கேட்டாள். காமிராவைப் பற்றிய விவாதம் இந்த இடத்தில் காமிராவைப் பற்றியதாக இல்லாமல் போய்விடுகிறது. நம்மவர்கள் யாராவது இங்கிருந்து தொடர வேண்டும்.